அம்பத்தூரில் பன்னிரண்டு வால்வுகள்

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வால்வு பார்க்க என்றேன். நிமிர்ந்து பார்த்து, டாக்டரா என்றார். இதய வால்வு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை சார், இரும்பு வால்வு, அம்பத்தூர் என்றேன். அதன் பிறகு அவருக்கு என்மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. முத்திரை குத்தி அனுப்பினார்.

எனக்கு வேலை கனடாவில். பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் அணுமின் நிலையம். அதற்கு வேண்டிய உதிரிப் பொருள்கள் உலகத்தின் பல மூலைகளில் தயாராகின்றன. அவை கப்பல் ஏறும் முன் நிலையத்தின் சார்பில் ஒருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சில வருடங்களாக அந்த ஒருவர் நான்தான். கொரியா போயிருக்கிறேன், இத்தாலி போயிருக்கிறேன். அம்பத்தூர் இதுதான் முதல் தடவை. தென்காசியில் பிறந்த எனக்குச் சென்னையே வெளியூர். அம்பத்தூர் அதற்கும் வெளியே.

இந்த வால்வுகளைச் செய்யும் அம்பத்தூர்த் தொழிற்சாலையின் தர மேலாளர் தேன்மொழி என்பதைக் காகிதங்களில் பார்த்தபோது என் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். நாங்கள் இருவரும் இந்தியாவில் ஒரே நாளில் ஒரே அணுமின் நிலையத்தில் பயிற்சிப் பொறியாளர்களாகச் சேர்ந்தவர்கள், ஒரே அறையில் தங்கியவர்கள். நான் போவது சரியா என்று கேட்டேன். தேன்மொழி எப்படிப்பட்டவர் என்று கேட்டார். நான் கழுவி வைத்த டம்ளரை அவள் மறுபடி கழுவுவாள் என்றேன். அப்படியானால் போ என்றார்.

அம்பத்தூருக்குப் பக்கத்தில் முகப்பேரில் ஓட்டல். ஜன்னலைத் திறந்தால் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள். காலையில் பள்ளி வேன்களின் சத்தத்தில் விழிப்பு வந்தது. நான் இருக்கும் ஊரில் காலை என்றால் ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று மட்டும்தான். ஆள் சத்தம் கேட்க வேண்டுமென்றால் காபிக் கடைக்குப் போக வேண்டும். இங்கே காபி என் அறைக்கே வந்தது. கூடவே, கதவைத் தட்டிய பையன் கீழே வடகறி இருக்கிறது, சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று எச்சரித்தான். போய்ச் சாப்பிட்டேன். எச்சரிக்கை நியாயமானதுதான்.

எஸ்டேட் என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டைக்குப் போக ஆட்டோ பிடித்தேன். வரைபடம் காட்டிய தெருவில் பாதி தூரம் போனதும் தெரு இல்லை, பள்ளம்தான் இருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு என் கைப்பேசியை ஒரு பார்வை பார்த்தார்.

“அது சொல்லும்மா. அதுக்கு இன்னா, மேலருந்து பாக்குது. கீய எறங்கி வந்தா தெரியும். ரோடெல்லாம் தோண்டிப் போட்டு வச்சிகினு கீறானுங்க.”

அவர் சொந்த வழியில் போனார். இரண்டு பட்டறைகளுக்கு நடுவே, ஒரு கோயிலின் பின்பக்கமாக, ஒரு வீட்டின் துணி காயும் கொடிக்குக் கீழே. சரியான நேரத்துக்குச் சேர்ந்தேன்.

தேன்மொழி வாசலில் நின்றிருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது, சாயம் போடவில்லை. கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கை கொடுத்து, “வாங்க மேடம்” என்றாள். பின்னால் முதலாளி வேதகிரி நின்றுகொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க ஆலைக்குள் நான் மேடமாகவே இருந்தேன்.

வேதகிரி நல்ல மனிதர். சின்னப் பட்டறையில் தொடங்கி இந்த அளவுக்கு வந்தவர். அணுமின் நிலையத்துக்குப் போகும் முதல் ஏற்றுமதி இது. இது ஒழுங்காகப் போனால் அடுத்தடுத்து வரும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் புதிதாக வெள்ளையடித்த சுவரும், எனக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் பாதுகாப்புக் காலணியும் சொல்லின. காலணி என் அளவுக்குச் சரியாக இருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். தேன்மொழி வேறு பக்கம் பார்த்தாள்.

எங்கள் முதல் வேலையில் பெண்களுக்கான காலணியே கிடையாது. பயிற்சி வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். ஆண்களின் முழுநீளச் சீருடையை நான்கு மடிப்பு மடித்துப் போட்டுக்கொள்வோம். கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகும் வழியில் உடை மாற்ற எங்களுக்கு இடம் இல்லாததால், துடைப்பம் வைக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. தேன்மொழியே கடையில் வாங்கிவந்து பொருத்தினாள்.

நான் கட்டுப்பாட்டு அறைப் பக்கம் போனேன். தேர்வெழுதி, உரிமம் வாங்கி, ஷிப்டில் உட்கார்ந்தேன். அவள் பராமரிப்புப் பக்கம் போனாள். பராமரிப்புக்காக அணு உலையை நிறுத்தும் காலங்களில் குழாய்களுக்கு இடையே ஊர்ந்து போய் வால்வுகளைப் பிரித்து மாட்டுவாள். கல்யாணமாகி, கர்ப்பமானபோது அவளைக் கதிர்வீச்சுப் பகுதியிலிருந்து வெளியே மேசை வேலைக்கு மாற்றினார்கள். அப்படித்தான் விதி, சரியான விதி. குழந்தை பிறந்த பிறகு அவளைத் திரும்ப உள்ளே எடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை. மேசையில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள். சில வருடங்கள் வீட்டில் இருந்தாள். அதன் பிறகு எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில், தன்னைவிட வயதில் குறைந்தவர்களுக்குக் கீழே, வரைபடம் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தாள். பரிசோதகருக்கான தகுதித் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தர மேலாளர் ஆனாள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால்தான் முன்னேறினேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த இரண்டு ஆண்கள் ஷிப்டுப் பொறுப்பாளர்களான பிறகுதான் நான் கனடாவுக்கு விண்ணப்பித்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பரிசோதனை. வால்வின் மூடி வந்து அமரும் வட்டமான விளிம்பை சீட் என்பார்கள். அதன்மேல் கடினமான உலோகம் ஒன்றை உருக்கிப் பூசியிருப்பார்கள். பூசிய பிறகு அது ஃபர்னஸ் என்னும் சூளைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆற வேண்டும். சட்டென்று ஆறினால் தலைமுடியைவிடச் சன்னமாக வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது. அதற்காகச் சிவப்புச் சாயத்தைத் தடவி, ஊற விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை மருந்தைத் தெளிப்பார்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகக் கசியும். ஒப்பந்தப்படி பன்னிரண்டு வால்வுகளில் ஏதாவது இரண்டை நான் பொறுக்கி எடுக்கலாம். எடுத்தேன். இரண்டிலும் கோடு இல்லை. நீர் அழுத்தச் சோதனையிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வேதகிரி பால்கோவா வரவழைத்தார்.

அன்று மாலை தேன்மொழி தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். திருமுல்லைவாயல், அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன். அவள் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டாள்; நான் ரயிலில் வருகிறேன் என்று வீம்பு பிடித்தேன். வந்த வண்டியில் ஏறினேன். அது விரைவு வண்டி. திருமுல்லைவாயல் ஜன்னல் வழியே வந்தது, போயிற்று. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது ஆவடியில்தான் நிற்கும் என்றார். பிறகு எதிரில் இருந்தவரிடம், “படிச்சவங்கதான் போர்டு பாக்காம ஏறுவாங்கோ” என்றார். ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக ஒட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மீன் வறுத்தாலே புகைமணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, எல்லோரும் பனியில் வெளியே நிற்க வேண்டியதாகிவிடும். கருவாட்டைப் பற்றி நினைப்பதே இல்லை. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் கணவருக்கு இரண்டாம் ஷிப்டு. மகள் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்கிறாள். அம்மா ரியாக்டருக்குள் போயிருக்கிறாள் என்றால் தோழிகள் நம்புவதில்லை என்றாள்.

தேன்மொழி சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வால்வுகளை அங்கே எந்த இடத்தில் பொருத்துவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். உலை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்துக்கு ஆள் போக முடியுமா என்றாள். முடியாது, அடுத்த நிறுத்தம் வரை யாரும் கிட்டே போக முடியாது என்றேன். அவள் மகளிடம் அப்பளம் கொண்டுவரச் சொன்னாள்.

சனிக்கிழமை கையெழுத்து. பெட்டிகள் தயாராக அடுக்கியிருந்தன. மாலையில் லாரி வந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கப்பலைத் தவறவிட்டால் எங்கள் நிலையம் உலையை நிறுத்தும் காலத்துக்குள் வால்வுகள் வந்து சேருமா என்பது சந்தேகம். வேதகிரி, அவர் மகன், தேன்மொழி, வெல்டர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். யாரோ போட்டோ எடுக்கத் தயாரானார்கள். நான் பேனாவைத் திறந்தேன்.

“ராஜி, கையெழுத்து போடாத” என்றாள் தேன்மொழி.

அந்த வாரத்தில் ஆலைக்குள் அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரலை உயர்த்தவில்லை. வேதகிரி சிரித்த முகம் மாறாமலே அவள் பக்கம் திரும்பினார்.

“பன்னெண்டுல மூணு வால்வு ஃபர்னஸ்ல ஆறிக்கினு இருந்தப்போ கரண்ட் போயிடுச்சு. அன்னிக்கு நல்ல மழை. ஜெனரேட்டர் எடுக்கறதுக்குள்ள எவ்ளோ வேகமா ஆறிச்சின்னு யாருக்கும் தெரியாது. அப்ப சாயம் போட்டுப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கப்புறம்தான் மெஷின்ல கடைசியா கடைஞ்சது. மேல சீவினா உள்ள இருக்கற வெடிப்பு வெளிய வரலாம். கடைஞ்சதுக்கு அப்புறம் அந்த மூணையும் யாரும் பாக்கல. நேத்து நீ எடுத்த ரெண்டுல அது வரல.”

“இதை என்கிட்ட சொன்னீங்க. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல” என்றார் வேதகிரி.

“சொன்னீங்க சார். பாக்கல.”

பின்னால் இரண்டு வெல்டர்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவன் கேட்டான். “தெரியல. அந்தம்மா பேனாவை மூடிட்டாங்க” என்றான் மற்றவன். அப்போதுதான் நான் பேனாவை மூடியிருப்பது எனக்கே தெரிந்தது.

அந்த மூன்றையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றேன். பெட்டியைப் பிரித்து, எண்ணெய்ப் பூச்சைக் கழுவி, காயவைத்துத் தயார் செய்யத் திங்கட்கிழமை ஆகும். லாரி வெறுமனே திரும்பிப் போனது. வேதகிரி தேன்மொழியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் பேசினார், அவள் நின்றாள். கனடாவில் இருந்த என் மேலாளரைப் போனில் கூப்பிட்டேன். அவருக்கு அது விடியற்காலை. காரணத்தைக் கேட்டுவிட்டு, விமானத்தில் அனுப்ப வழி பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை செய்வதற்கு ஒன்றும் இல்லை. தேன்மொழி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓட்டல் வாசலுக்கு வந்தாள். பூந்தமல்லியில் பிரியாணி சாப்பிடலாம் என்றாள். நெடுஞ்சாலையில் கல்லூரிப் பேருந்துகளும் தண்ணீர் லாரிகளும் எங்களை உரசிக்கொண்டு போயின. கனடாவில் ஹெல்மெட் போடாத சைக்கிள்காரரைப் பார்த்தாலே நான் முறைப்பேன். இங்கே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தரிக்காய்க் குழம்போடு பிரியாணி. அதன் பிறகும் வீடு திரும்ப மனமில்லாமல் திருமழிசை தாண்டி வண்டியை விட்டாள். குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையத்தின் எதிரே நிறுத்தினாள். பெரிய கூரை, அகலமான சாலை. அவள் அம்மா வழித் தாத்தா இந்தப் பக்கத்தில்தான் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டாராம். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஏக்கம் எதுவும் இல்லை. “மாமாங்க எல்லாம் ஆவடி கம்பெனிங்களுக்கு வந்துட்டாங்கோ. நல்லதாப் போச்சு” என்றாள்.

வேதகிரி அறையில் என்ன சொன்னார் என்று கேட்டேன். திங்கட்கிழமை வெடிப்பு இருந்தால் கம்பெனிக்கு அவமானம், இல்லாவிட்டால் நீ செய்தது வீண்வேலை, எப்படியும் உனக்கு இங்கே இடமில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். வெள்ளிக்கிழமை உன் வீட்டிலேயே என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, உன் பெயர் வெளியே வராமல் நானே கேட்டிருப்பேனே என்றேன்.

“அவரே உங்கிட்ட சொல்வாருன்னு கடேசி வரைக்கும் பாத்தேன்டி. ஊட்ல வச்சி உன் காதுல ஓதினா அது ஃப்ரெண்டு சொன்னது. அங்க நின்னு சொன்னாதான் க்வாலிட்டி மேனேஜர் சொன்னது.”

அவளுக்கு இப்போது இந்த வேலை அவசியம் என்பது எனக்குத் தெரியும். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. வரும் வழியில் டயர் பஞ்சர் ஆனது. கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழியைத் தேடினார். இரண்டு பேரும் அவர் பக்கத்திலேயே குனிந்து நின்று தேடினோம். அவர் எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

திங்கட்கிழமை மூன்று வால்வுகளும் மேசைமேல் இருந்தன. தேன்மொழி தானே சாயம் தடவினாள். ஊற வேண்டிய நேரம் முழுக்க யாரும் உட்காரவில்லை. துடைத்தாள். வெள்ளை மருந்தைத் தெளித்தாள். மூன்று சீட்களும் கோலமாவு தூவியதுபோல வெளுத்தன. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காத்திருந்து மறுபடி பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வேதகிரியின் மூச்சு என் தோளில் பட்டது.

ஒரு கோடும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றும் சுத்தம்.

வேதகிரி வெளியே போய்விட்டார். அவருடைய மகன் தேன்மொழியைப் பார்த்து, இதுக்குத்தானா என்பதுபோலக் கையை விரித்தான். அவள் பஞ்சை எடுத்து வெள்ளையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் பன்னிரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் அவளிடம் கேட்டேன், வெடிப்பு இருக்கும் என்று நினைத்தாயா என்று.

“இருக்கும்னும் நெனைக்கல, இருக்காதுன்னும் நெனைக்கல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரியாதத எப்படிடி அனுப்பறது?” என்றாள். விரல் இடுக்கில் சிவப்பு போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். அதற்கடுத்த வாரம் அவளை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் சொல்லவில்லை, மகள்தான் எனக்குச் செய்தி அனுப்பினாள். போல்ட்டும் வாஷரும் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் என் வேலையில் உதவாத பொருள். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினேன்: மின்தடை, விடுபட்ட சோதனை, அதை யார் சொன்னார், எப்போது சொன்னார், முடிவு என்ன. பாராட்டு ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த அறிக்கையை எங்கள் நிலையத்தில் பலர் படித்தார்கள். வால்வுகள் வந்து சேர்ந்தன, பொருத்தினார்கள், உலை ஓடத் தொடங்கியது. அடுத்த நிறுத்தத்துக்கு இன்னும் பெரிய ஆர்டர் தேவைப்பட்டபோது, அம்பத்தூருக்கே கொடுக்கலாம் என்றார் என் மேலாளர். ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு வால்விலும் தேன்மொழியின் ஒப்புதல் இருக்க வேண்டும், அவர் இல்லையென்றால் ஆர்டர் இல்லை.

தேன்மொழி போனில் கூப்பிட்டபோது இங்கே கனடாவில் பனி பெய்துகொண்டிருந்தது. வேதகிரி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள் மேடம் என்றாராம்.

“இன்னா சொன்ன?” என்றேன். எனக்கே அவள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வரேன் சார், ஆனா டெஸ்பாட்ச்ச நிறுத்தற அதிகாரம் எனக்கு வேணும். நான் நிறுத்துனா நீங்களே சொன்னாலும் போவக்கூடாது, அத எழுதிக் குடுங்கன்னேன்.”

“குடுத்தாரா?”

“சாயங்காலமே குடுத்தாரு. லெட்டர்ஹெட்ல, அழகா டைப் பண்ணி. கீழ கையெழுத்து மட்டும் போடல. மறந்துட்டாராம். திருப்பி அனுப்ச்சிட்டு ஸ்டோர்ஸ்லயே குந்திகினு இருந்தேன்.”

“அப்புறம்?”

“ரெண்டு நாள் பாத்தாரு. மூணாம் நாளு அவரே எடுத்துகினு வந்தாரு, ஸ்டோர்ஸுக்கு. என் டேபிள் மேல வச்சி, என் எதுருலயே கையெழுத்து போட்டாரு” என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், மேடம், ஃபர்னஸ் ரெடி என்று. இரு, நான் வந்து பார்த்த பிறகு வை என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே, என்னிடம் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.